ஆட்டுக்காக அழுத சிறுவன் - சார்லி சாப்ளின்



படம் என்றால் நமக்கு உயிர். நம் பெற்றோர் காலத்தில் தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். அன்றைக்குச் சாயங்காலமே லயத்தில் அடுப்பு அணைந்துவிடும். பாயும் சாக்கும் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போய் இடம் பிடிப்பார்கள். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தாலும் பரவாயில்லை என்று பார்ப்பார்கள். இன்று அந்தத் திடலும் இல்லை, துணியும் இல்லை. பிள்ளைகள் கையில் இருக்கும் கைப்பேசியிலேயே படம் ஓடுகிறது. நேரம் காலம் பார்க்காமல் ஓடுகிறது.

அதனால்தான் இந்தக் கேள்வியை நாம் கேட்க வேண்டியிருக்கிறது. எது நல்ல படம்? ஒருவர் சண்டை நன்றாக இருக்க வேண்டும் என்பார். இன்னொருவர் பாட்டு என்பார். பொம்பளைகள் நாலு சொட்டுக் கண்ணீர் வர வேண்டும் என்பார்கள். படம்னா சும்மா பொழுது போக்குறதுக்குத்தானே, அதுல என்ன நல்லது கெட்டது என்று கேட்பவர்களும் உண்டு. நாள் முழுக்க வேலை செய்து களைத்தவனுக்குச் சிரிக்க உரிமை இல்லையா என்ன? இருக்கிறது. ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உலகத்தையே சிரிக்க வைத்த ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னால் இது விளங்கும். அவர்தான் சார்லி சாப்ளின்.

அவரைத் தெரியாதவர் யார்? சின்ன மீசை, வட்டத் தொப்பி, கையில் வளைந்த பிரம்பு, தொளதொள கால்சட்டை, அளவில்லாத பெரிய சப்பாத்து, வாத்து நடை. ‘ஆவாரா’ (1951) படத்தில் ராஜ் கபூர் அந்த நாடோடியின் சாயலில்தான் நடித்தார். ‘புன்னகை மன்னன்’ (1986) படத்தில் கமல்ஹாசன் சாப்ளின் செல்லப்பாவாக வந்து நம்மைச் சிரிக்கவும் அழவும் வைத்தார். மூல மனிதரின் கதை பலருக்குத் தெரியாது.

ஏழை வீட்டுப் பிள்ளை

சார்லி 1889-ம் ஆண்டு ஏப்ரல் 16-ம் நாள் பிறந்து, லண்டன் மாநகரின் தென்பகுதியில் வளர்ந்தார். தாய் தந்தை இருவரும் மேடைப் பாடகர்கள். தகப்பனார் குடிக்கு அடிமையாகிக் குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். 1901-ல் நாற்பது வயதுகூட ஆகாத நிலையில் குடியே அவரைக் கொண்டு போய்விட்டது. தாயார் ஹன்னாவுக்குக் குரல் கெட்டு மேடையும் போயிற்று. தையல் வேலை செய்து இரண்டு பையன்களைக் காப்பாற்றப் பார்த்தார். முடியவில்லை.

அக்காலத்தில் இங்கிலாந்தில் வழியில்லாத ஏழைகளுக்கென்று வேலை விடுதிகள் இருந்தன. உள்ளே போனால் கஞ்சி கிடைக்கும், ஆனால் மானம் வெளியே நின்றுவிடும். 1896-ல், ஏழு வயதில், சார்லி தாயோடும் அண்ணன் சிட்னியோடும் அந்த விடுதிக்குள் போனார். வாசலிலேயே தாயையும் பிள்ளைகளையும் பிரித்துவிட்டார்கள். பிறகு ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அனுப்பப்பட்டார். தலையில் படை வந்தபோது மொட்டையடித்து மருந்தைத் தடவி ஒதுக்கி வைத்தார்கள். பசியும் கவலையும் சேர்ந்து தாயாருக்கு மனநிலை பாதிக்கப்பட்டது. அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது.

இந்தச் சமயத்து நிகழ்ச்சி ஒன்றைச் சாப்ளின் தம் முதுமையில், 1964-ல் வெளியான சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர்கள் குடியிருந்த தெருவின் பக்கத்தில் ஆடு வெட்டும் கொட்டகை இருந்தது. ஒரு நாள் அங்கே ஓட்டிப் போன ஆடுகளில் ஒன்று தப்பித்துத் தெருவில் ஓடியது. பிடிக்கப் போனவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பார்த்த சனமெல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தது. சார்லியும் சிரித்தார். கடைசியில் ஆட்டைப் பிடித்துக் கொட்டகைக்குள் கொண்டுபோனபோதுதான் பிள்ளைக்கு உறைத்தது. ஐயோ, அதை வெட்டப் போகிறார்களே என்று அழுதுகொண்டே தாயிடம் ஓடினார். சிரிப்பும் துயரமும் கலந்து நிற்கும் தம் படங்களுக்கு அந்த ஆடுதான் வித்தாக இருந்திருக்குமோ என்று பிற்காலத்தில் அவரே எண்ணிப் பார்த்திருக்கிறார்.

தோழர்களே, இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற ஆட்டைப் பார்த்துச் சிரிக்க யாராலும் முடியும். அது எங்கே போய்க்கொண்டிருந்தது என்று கேட்கத்தான் ஆள் வேண்டும்.

கந்தலிலும் மரியாதை

பத்து வயது வாக்கிலேயே சார்லி மேடை ஏறிவிட்டார். மரச்சப்பாத்து போட்டு ஆடும் சிறுவர் குழுவில் ஆடினார். பிறகு பிரெட் கார்னோ என்பவரின் நகைச்சுவைக் குழுவில் சேர்ந்து அமெரிக்கா போனார். அங்கே ஒரு படக் கம்பெனி அவரை வாரம் 150 டாலர் சம்பளத்துக்கு அமர்த்தியது. 1914-ம் ஆண்டு பிப்ரவரியில் அந்த நாடோடி முதன்முதலாகத் திரையில் தோன்றினான். அப்போது படங்களுக்குப் பேச்சு கிடையாது. எல்லாம் நடிப்புத்தான்.

அந்த உடையைப் பாருங்கள். கால்சட்டை தொளதொள, கோட்டு இறுக்கம், சப்பாத்து பெரிசு. எல்லாம் அடுத்தவன் போட்டுக் கழித்த துணி போல இருக்கும். ஆனால் தொப்பியும் கழுத்துப்பட்டையும் பிரம்பும் கனவான்களுடையவை. வயிற்றில் ஒன்றுமில்லை, பையில் சல்லிக்காசு இல்லை, ஆனாலும் பெண்களைக் கண்டால் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வான். நானும் மனுசன்தான் என்று அந்த உடை சொல்லும். பேச்சில்லாத படமானதால் லண்டனில் இருந்தவனுக்கும் லாகூரில் இருந்தவனுக்கும் அது ஒன்றுபோல் விளங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளும் பார்த்துப் புரிந்துகொண்டான்.

இரண்டே ஆண்டில் அவர் சம்பளம் எங்கோ போய்விட்டது. 1916-ல் ஒரு கம்பெனி ஆண்டுக்கு 670,000 டாலர் தந்தது. 1919-ல் படமுதலாளிகள் ஒன்றுகூடி நடிகர்களின் சம்பளத்தைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. உடனே சாப்ளினும் மேரி பிக்போர்டு, டக்ளஸ் பேர்பேங்க்ஸ், கிரிபித் ஆகியோரும் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். அவர்கள் அப்போது பணக்காரர்கள்தான். ஆனாலும் தனித்தனியாக நின்றால் நசுக்கப்படுவோம், சேர்ந்து நின்றால் பிழைப்போம் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

1921-ல் ‘தி கிட்’ வந்தது. கைவிடப்பட்ட குழந்தை ஒன்றை நாடோடி எடுத்து வளர்க்கும் கதை. அதிகாரிகள் வந்து பிள்ளையைப் பிடித்து லாரியில் ஏற்றும்போது, நாடோடி கூரைமேல் கூரையாகத் தாண்டி ஓடி அதை மீட்பான். அது வெறும் கற்பனையா? வேலை விடுதி வாசலில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட ஏழு வயதுப் பையன் எடுத்த படம் அது. அதற்கு முன்னால், 1919-ல், அவருடைய முதல் குழந்தை பிறந்து மூன்றே நாளில் இறந்திருந்தது.

1925-ல் ‘தி கோல்ட் ரஷ்’ வந்தது. தங்கம் தேடிப் பனிக்காட்டுக்குப் போனவன் பசி தாங்காமல் தன் சப்பாத்தையே வேகவைத்துத் தின்பான். கயிற்றை இழுத்து உறிஞ்சுவான். ஆணியை எலும்பு போலச் சப்புவான். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உண்மையில் அந்தச் சப்பாத்து மிட்டாயில் செய்தது. ஆனால் அந்தப் பசி செய்தது அல்ல. பசித்தவனைக் கேலி செய்யாமல் பசியைக் காட்டிச் சிரிக்க வைப்பது சுலபமான காரியமா? பட்டவனால்தான் முடியும்.

இயந்திரமும் மனிதனும்

1927-க்குப் பிறகு பேசும் படம் வந்துவிட்டது. எல்லாரும் பேச்சுக்கு மாறினார்கள். சாப்ளின் மாறவில்லை. 1931-ல் வந்த ‘சிட்டி லைட்ஸ்’ படத்தையும் பேச்சில்லாமலே எடுத்தார். கண் தெரியாத பூக்காரப் பெண் நாடோடியைப் பணக்காரன் என்று எண்ணிக்கொள்ளும் காட்சி அதில் வரும். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டுத்தான் அவள் அப்படி நினைப்பாள். அந்தச் சின்னக் காட்சி சரியாக அமைய வேண்டும் என்று முந்நூறு தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப எடுத்தாராம். பொழுதுபோக்குத்தானே, போதும் போ என்று அவர் விடவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் வந்திருந்த காந்தியடிகளைச் சாப்ளின் சந்தித்தார். இயந்திரத்தை ஏன் வெறுக்கிறீர்கள் என்று கேட்டார். இந்தியர்களின் கைத்தொழிலை அழித்து அவர்களை அந்நியருக்கு அடிமையாக்கியது எது என்பதைக் காந்தியடிகள் விளக்கினார். சாப்ளின் அதை முழுக்க ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சிந்தனை அவரை விடவில்லை. உலகம் சுற்றி வந்தார். 1932-ல் பாலித் தீவுக்குப் போகும் வழியில் நம் பக்கத்துச் சிங்கப்பூருக்கும் வந்து போனார். எங்கு பார்த்தாலும் வேலையில்லாத் திண்டாட்டம். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களிலிருந்து நம் முன்னோரில் ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பியதும் அந்த ஆண்டுகளில்தான்.

இதையெல்லாம் பார்த்த மனிதர் 1936-ல் கொடுத்த படம்தான் ‘மாடர்ன் டைம்ஸ்’. தொழிலாளி ஒவ்வொருவனும் ஒரு முறையாவது பார்க்க வேண்டிய படம் இது.

படம் தொடங்கும்போது முதலில் ஒரு ஆட்டு மந்தை தெரியும். நெருக்கியடித்துக்கொண்டு போகும். அடுத்த காட்சியில் அதே மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு தொழிலாளர் கூட்டம் ஆலைக்குப் போகும். சின்ன வயதில் பார்த்த ஆடு திரும்ப வந்துவிட்டது, பார்த்தீர்களா?

ஆலையில் நாடோடிக்கு என்ன வேலை? ஓடுகிற பட்டையில் வரும் நட்டுகளை இரண்டு கையாலும் முடுக்குவது. நாள் முழுக்க அதே வேலை. மூக்கைச் சொறிய நேரமில்லை. முதலாளி தன் அறையில் உட்கார்ந்துகொண்டே வேகத்தைக் கூட்டச் சொல்வார். கழிவறைக்குப் போய் ஒரு இழுப்பு இழுக்கலாம் என்றால் அங்கேயும் சுவரில் முதலாளி முகம் தோன்றி விரட்டும். வேலை நேரம் முடிந்த பிறகும் அவன் கை தானாகவே முடுக்கிக்கொண்டிருக்கும். பால் வெட்டிப் பழகிய கை தூக்கத்திலும் அசையும் என்று நம் அம்மாமார் சொல்வது நினைவுக்கு வரவில்லையா?

பிறகு சோறு ஊட்டும் இயந்திரம் ஒன்று வரும். சாப்பாட்டு வேளையையும் மிச்சம் பிடிக்கலாம், வேலை செய்துகொண்டே தின்னட்டும் என்று ஒருவன் அதை விற்க வருவான். நாடோடியை அதில் பூட்டிச் சோதனை பார்ப்பார்கள். இயந்திரம் பழுதாகிச் சூப்பை மேலே கொட்டும், சோளக்கதிரை வாயில் வைத்துச் சுழற்றும், வாய் துடைக்கும் கட்டை முகத்தில் அறையும். நாம் சிரிப்போம். கடைசியில் முதலாளி அந்த இயந்திரம் வேண்டாம் என்பார். தொழிலாளி பட்ட பாட்டைப் பார்த்து இல்லை. நடைமுறைக்கு ஒத்துவராது என்பதற்காக! சிரிப்பு அங்கே தொண்டையில் நிற்கும்.

வேலை பைத்தியமாக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். வெளியே வந்தால் வேலையில்லை. தெருவில் ஒரு லாரியிலிருந்து எச்சரிக்கைக்குக் கட்டிய சிவப்புத் துணி கீழே விழும். பாவம், திருப்பிக் கொடுக்கலாம் என்று அதை எடுத்து ஆட்டிக்கொண்டே ஓடுவான். அவனுக்குத் தெரியாமல் பின்னால் வேலையற்றோர் ஊர்வலம் வந்து சேர்ந்துகொள்ளும். போலீஸ் வந்து இவன்தான் தலைவன் என்று பிடித்துக்கொண்டு போகும். சங்க வேலை செய்பவர்கள் இந்தக் காட்சிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பார்கள். நியாயம் கேட்டு வாய் திறந்தவனை எல்லாம் கலகக்காரன் என்று முத்திரை குத்துவது எல்லா ஊரிலும் நடந்ததுதானே. சிறையில் மூன்று வேளைச் சோறு கிடைப்பதால் விடுதலை என்றதும் அவன் முகம் வாடும். வெளியே அதைவிட மோசம்.

இந்தப் படத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. அதில் வார்த்தை பேசுவது எல்லாம் இயந்திரங்களே. முதலாளியின் குரல் திரையிலிருந்து வரும். விற்பனைக்காரன் பேச்சு தட்டிலிருந்து வரும். வானொலி பேசும். தொழிலாளிக்குத்தான் வாயில்லை. கடைசியில் நாடோடி ஒரு பாட்டுப் பாடுவான், அதுவும் எந்த மொழியிலும் சேராத உளறல். இருந்தும் அபிநயத்திலேயே கதை புரிந்துவிடும்.

சிரிப்புக்குக் கொடுத்த விலை

சாப்ளின் பிறந்து நான்கு நாள் கழித்துப் பிறந்தவன் இட்லர். அதே மாதிரி மீசை. 1939 செப்டம்பரில் போர் மூண்டது. அதே மாதம் சாப்ளின் அந்தச் சர்வாதிகாரியைக் கேலி செய்யும் படத்தை எடுக்கத் தொடங்கினார். 1940-ல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ வெளிவந்தது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை. ஒரு யூத நாவிதன், ஒரு சர்வாதிகாரி, இரண்டு வேடமும் அவரே. அதுவரை வாய் திறக்காத மனிதர் இந்தப் படத்தில்தான் முழுதாகப் பேசினார். மனிதர் மனிதரை வெறுக்க வேண்டாம் என்ற கருத்தில் ஒரு நீண்ட பேச்சோடு படத்தை முடித்தார். வதை முகாம்களில் நடந்த கொடுமை முழுதும் அப்போது தெரிந்திருந்தால் இப்படிச் சிரிக்கச் சிரிக்க எடுத்திருக்க மாட்டேன் என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். சிரிப்புக்கும் ஒரு எல்லை உண்டு என்பதை அறிந்த கலைஞர்.

போர் முடிந்ததும் அமெரிக்காவில் காற்று மாறியது. ஏழைகள் பக்கம் பேசினால் பொதுவுடைமைக்காரன் என்ற சந்தேகம். அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்காததும் குற்றமாயிற்று. 1952 செப்டம்பரில் ‘லைம்லைட்’ பட வெளியீட்டுக்காக லண்டனுக்குக் கப்பலேறினார். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே அவர் திரும்பி வரும் அனுமதியை அமெரிக்க அரசு ரத்து செய்தது. நாற்பது ஆண்டு உழைத்த நாட்டின் கதவு அடைபட்டது. சுவிட்சர்லாந்தில் போய்க் குடியேறினார்.

அவரைத் தெய்வமாக்க நாம் இதை எழுதவில்லை. குறைகளும் இருந்தன. முதல் இரண்டு மனைவியரும் திருமணத்தின்போது பதினாறு வயதுப் பெண்கள். அவருக்கு முதல் தடவை 29, அடுத்த தடவை 35. அந்த மண வாழ்க்கைகள் கசப்பில் முடிந்தன. படத்தளத்தில் அவர் சொன்னதே சட்டம். ‘சிட்டி லைட்ஸ்’ பூக்காரப் பெண்ணாக நடித்த வர்ஜினியா செரில்லை நடுவில் வேலையை விட்டு நீக்கினார். பிறகு அவரில்லாமல் முடியாது என்று திரும்ப அழைத்தபோது, அந்தப் பெண் கூடுதல் சம்பளம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தார். கெட்டிக்காரி! தொழிலாளிக்காகப் படம் எடுத்தவரிடமும் தொழிலாளி கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

1972-ல் அமெரிக்கா அவரை மீண்டும் அழைத்துச் சிறப்பு ஆஸ்கர் விருது கொடுத்தது. அரங்கமே எழுந்து நின்று பல நிமிடங்கள் கைதட்டியது. 1975-ல் இங்கிலாந்து அரசியார் சர் பட்டம் வழங்கினார். கஞ்சிக்காக வேலை விடுதி வாசலில் நின்ற பிள்ளைக்கு அந்த நாடு கொடுத்த மரியாதை. 1977-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, 88 வயதில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது.

நாம் கேட்க வேண்டியது

சரி, எது நல்ல படம்? பணம் கொட்டி எடுத்ததா? பெரிய நடிகர் நடித்ததா? சாப்ளின் வாழ்க்கையைப் பார்த்தபின் நமக்கு ஒன்று தெளிவாகிறது. நல்ல படம் நம்மைக் கீழே தள்ளுகிறவனைப் பார்த்துச் சிரிக்க வைக்கும். கெட்ட படம் கீழே விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்க வைக்கும். இரண்டிலும் சிரிப்பு ஒன்றுதான். பக்கம்தான் வேறு.

நம் படங்களில் வரும் நகைச்சுவையை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பாக இருப்பவரைக் கிண்டல் செய்வது, குண்டாக இருக்கும் பெண்ணைக் கிண்டல் செய்வது, திக்குவாயைக் கிண்டல் செய்வது, வேலைக்காரனைக் கன்னத்தில் அறைவது. இவையெல்லாம் எத்தனை படத்தில் வந்திருக்கின்றன? நாமும் காசு கொடுத்துச் சிரித்திருக்கிறோம். மறுநாள் நம் பிள்ளை பள்ளிக்கூடத்தில் கறுப்பு என்றும் தோட்டக்காட்டான் என்றும் கேலிக்கு ஆளாகி அழுதுகொண்டு வரும்போது மட்டும் நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கேலியைக் கற்றுக்கொடுத்தது யார்? சினிமா ஒரு பள்ளிக்கூடம், தோழர்களே. அதற்கு விடுமுறையே கிடையாது. யாரை மதிக்கலாம், யாரை மிதிக்கலாம் என்பதை அது சத்தமில்லாமல் சொல்லிக்கொடுத்துவிடும்.

அதற்காகப் படமே பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டோம். பாருங்கள், வயிறு நோகச் சிரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உட்கார வைத்து, அந்தக் கைப்பேசியிலேயே சாப்ளின் படம் ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். மொழி தெரிய வேண்டியதில்லை, பாட்டியிலிருந்து பேரன் வரை எல்லாருக்கும் புரியும். படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். இந்தப் படத்தில் நாம் யாரைப் பார்த்துச் சிரித்தோம்? அதே கேள்வியை அடுத்து பார்க்கும் தமிழ்ப் படத்துக்கும் கேளுங்கள். பிள்ளைகள் பதில் சொல்லப் பழகிவிட்டால் போதும். காசு கொடுத்துப் பார்க்கிறவர்கள் நாம். நம்மை இழிவு செய்கிற சிரிப்பு வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் நமக்கு உண்டு.